டாக்ஸி செய்யும்போது ஓடுபாதைக்குள் தவறி நுழையாமல் இருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பயிற்சியில் இருப்பவர்களும் விமானத்துறை மேல் ஆர்வம் உள்ளவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. விமானம் தன் எஞ்சின் சக்தியில் தரையில் நகர்வதைத்தான் டாக்ஸி செய்வது என்கிறார்கள். பெரும்பாலும் ஐநாவின் விமானத்துறை அமைப்பான ஐகாவோ வகுத்த சர்வதேச நடைமுறையைத்தான் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவின் விமானத்துறை ஒழுங்கு அமைப்பான எஃப்ஏஏ வித்தியாசப்படும் இடங்களைத் தனியாகக் குறித்திருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே போய்த்தான் பைலட் உரிமம் எடுக்கிறார்கள்.

ரன்வே இன்கர்ஷன் என்று எதைச் சொல்கிறார்கள்?

விமானம் ஏறவும் இறங்கவும் ஒதுக்கப்பட்ட பகுதிக்குள், அந்த நேரத்தில் இருக்கக் கூடாத ஒரு விமானமோ வண்டியோ ஆளோ இருப்பதுதான் இது. மோதல் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேறு யாருமே வராத ஓடுபாதையில், ஹோல்டிங் கோட்டை (ஓடுபாதைக்கு முன் நிற்க வேண்டிய கோடு) தாண்டி மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாலும் அது இன்கர்ஷன்தான்.

தீவிரத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகை பிரிக்கிறார்கள். ஏ என்றால் மயிரிழையில் தப்பியது. டி என்றால் உடனடி ஆபத்து எதுவும் இல்லாதது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் பதிவாகின்றன, அவற்றில் பெரும்பாலானவை சி, டி வகைகள். "டிதானே, பரவாயில்லை" என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏ வகையிலும் டி வகையிலும் பைலட் செய்த தவறு பெரும்பாலும் ஒன்றேதான். எதிரே விமானம் வந்ததா இல்லையா என்பது மட்டும்தான் மாறுகிறது, அது அவர் கையில் இல்லை.

தரையில் மெதுவாகப் போகும்போது அப்படி என்ன பெரிய ஆபத்து?

மெதுவாகப் போவது நீங்கள் மட்டும்தான். ஓடுபாதையில் வருகிற விமானம் மணிக்கு 250 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் வரலாம். அதனால் விலகவும் முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. விமான வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பறித்த விபத்து தரையில்தான் நடந்தது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், மூடுபனிக்கு நடுவே கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள்.

இது பைலட்டின் தவறா, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் தவறா?

இரண்டும் உண்டு, மூன்றாவதாக வண்டி ஓட்டுபவர்களும் உண்டு. எண்ணிக்கையில் பைலட்டுகளின் பங்குதான் அதிகம். ஆனால் மற்றவர்களின் தவறும் உயிரை வாங்கியிருக்கிறது. 1991 பிப்ரவரி 1 இரவு லாஸ் ஏஞ்சலஸில், ஓடுபாதையில் நிற்கச் சொன்ன ஸ்கைவெஸ்ட் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் மறந்துபோய், யுஎஸ்ஏர் 737ஐ அதே ஓடுபாதையில் இறங்க அனுமதித்துவிட்டார். 35 பேர் பலி. 2022 நவம்பரில் பெருவின் லிமா நகரில், ஒத்திகைக்காகக் கிளம்பிய தீயணைப்பு வண்டி ஓடுபாதைக்குள் வந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த லாடம் ஏ320 மேல் மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள், தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

இந்தப் பக்கத்தில் பைலட் தரப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

படித்துத் தேர்வான பைலட்டுக்கு ஓடுபாதை எது என்று கூடவா தெரியாது?

தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நுழைகிறவர்களில் பலர் சந்தேகத்தோடு நுழைவதில்லை, முழு நம்பிக்கையோடுதான் நுழைகிறார்கள். ஒன்று, அனுமதி கிடைத்துவிட்டது என்று நம்புகிறார்கள். அல்லது, தான் வேறொரு இடத்தில் இருப்பதாக நம்புகிறார்கள்.

முதல் வகைக்கு உதாரணம் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம். மறுநாள் மாலை, நிவாரணப் பொருட்களோடு கிளம்பிய கடலோரக் காவல்படையின் டேஷ் 8 விமானத்திடம் டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்), "நம்பர் ஒன், சி5 ஹோல்டிங் பாயின்ட்டுக்கு டாக்ஸி செய்யவும்" என்றது. விமானமும் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னது. ஆனால் சி5இல் நிற்காமல் 34ஆர் (எண் திசையைக் குறிக்கும், ஆர் என்றால் வலது) ஓடுபாதைக்குள் போய், சுமார் 40 விநாடிகள் அங்கேயே நின்றது. சப்போரோவிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன் மேல் இறங்கியது. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் கேப்டன் தவிர 5 பேரும் இறந்தார்கள். எரிந்துகொண்டிருந்த ஏ350இலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். "நம்பர் ஒன்" என்றால் வரிசையில் நீங்கள் முதல் ஆள், அவ்வளவுதான். ஆனால் அவசர வேலையாகக் கிளம்புகிற ஒருவருடைய காதில் அது "உங்களுக்குத்தான் முன்னுரிமை" என்று விழ வாய்ப்பு உண்டு. விபத்துக்குப் பிறகு ஜப்பானில் இப்படி வரிசை எண் சொல்வதையே நிறுத்திவைத்தார்கள்.

இரண்டாவது வகைக்கு உதாரணம் மிலான் நகரின் லினாட்டே விமான நிலையம். 2001 அக்டோபர் 8 காலை, கடும் மூடுபனி. ஒரு சிறிய செஸ்னா சைட்டேஷன் ஜெட்டை ஆர்5 டாக்ஸிவே (விமானங்கள் தரையில் நகரும் பாதை) வழியாகப் போகச் சொன்னார்கள், அது ஆர்6இல் திரும்பிவிட்டது. வழியில் தரையில் எழுதியிருந்த எஸ்4 என்ற குறியைப் பார்த்து அதை ரேடியோவில் சொல்லவும் செய்தார் பைலட். அப்படி ஒரு குறி இருப்பதே கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. விமானம் தவறான பாதையில் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கிடைத்த வாய்ப்பு அந்த இடத்தில் நழுவிப்போனது. செஸ்னா ஓடுபாதைக்குள் நுழைந்தபோது எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87 வேகமெடுத்து வந்துகொண்டிருந்தது. தரையில் இருந்த 4 பேரையும் சேர்த்து 118 பேர் இறந்தார்கள். அன்று அந்த நிலையத்தில் தரை ராடார் இயங்கவில்லை, குறியீடுகளும் பலகைகளும் ஒழுங்காக இல்லை. பழியை முழுக்கப் பைலட் மேல் போடுவது நியாயமாக இருக்காது.

ஆகவே, "கவனமாக இருங்கள்" என்ற அறிவுரை இங்கே பயன்படாது. தன்மேல் சந்தேகமே வராத நேரத்திலும் ஓடுபாதைக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி யோசிக்க வைக்கிற பழக்கங்கள் வேண்டும். கீழே வருகிற பதில்கள் எல்லாம் அந்தப் பழக்கங்களைப் பற்றியவை.

எந்தக் குறிகளைக் கண்டால் நிற்க வேண்டும்?

டாக்ஸிவேயின் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அது பூட்டிய ரயில்வே கேட் மாதிரி, அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. விட்ட கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுபாதைக்குள் இருக்கிறீர்கள். நிற்காமல் தாண்டி வெளியே வாருங்கள். பெரிய நிலையங்களில் இந்தக் கோடு பொதுவாக ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளி இருக்கும். ஓடுபாதை இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது என்று தோன்றுவதாலேயே ஏமாந்துபோகிறவர்கள் உண்டு.

பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண் இருக்கும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்கள் இப்போது நிற்கும் இடம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் திரும்பும் திசை. இருபுறமும் மாறிமாறிச் சிமிட்டும் மஞ்சள் விளக்குகள் ஓடுபாதை நெருங்குவதற்கான எச்சரிக்கை. தரையில் குறுக்கே வரிசையாகச் சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஸ்டாப் பார். டவர் வாயால் அனுமதி கொடுத்துவிட்டாலும் ஸ்டாப் பார் எரியும்போது தாண்டாதீர்கள். விளக்கு இன்னும் எரிகிறது என்று சொல்லிவிட்டு நில்லுங்கள்.

"டாக்ஸி டு ரன்வே" என்று அனுமதி வந்தால், வழியில் உள்ள மற்ற ஓடுபாதைகளைக் கடக்கலாமா?

கூடாது. ஒவ்வொரு ஓடுபாதையையும் கடக்கத் தனித்தனி அனுமதி வேண்டும், அதில் அந்த ஓடுபாதையின் எண் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2010 ஜூன் வரை நடைமுறை வேறாக இருந்தது: புறப்படும் ஓடுபாதை வரை டாக்ஸி செய்ய அனுமதி கிடைத்தால், நடுவில் இருப்பவற்றைக் கடக்கவும் அது போதும். பழைய பாடப்புத்தகங்கள் சிலவற்றில் இன்னும் அப்படி இருக்கும், நம்பிவிடாதீர்கள். மூடப்பட்ட ஓடுபாதைக்கும் இதே விதிதான்.

ரீட்பேக் (டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது) சரியாகச் சொன்னால் போதாதா?

ஹனேடாவில் ரீட்பேக் சரியாகத்தான் இருந்தது. வாய் திருப்பிச் சொன்னதை மனம் வாங்கியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

இருந்தாலும் ரீட்பேக் இல்லாமல் முடியாது. ஓடுபாதைக்குள் நுழைவது, கடப்பது, அதற்கு முன் நிற்பது, அதன்மேல் எதிர்த்திசையில் போவது ஆகிய எல்லாவற்றையும் ஓடுபாதை எண்ணோடும் உங்கள் கால்சைனோடும் (ரேடியோவில் விமானத்தின் அழைப்புப் பெயர்) திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் "ரோஜர்" செல்லாது. இரண்டு பேர் இருக்கும் காக்பிட்டில் இதற்கு மேல் ஒரு படி தேவை: "34ஆர் முன்னால் நிற்கிறோம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இருவரும் வேறுவேறாகக் கேட்டிருந்தால், யார் சரி என்று தங்களுக்குள் வாதாடக் கூடாது. டவரிடம் கேட்டுவிட வேண்டும். தனியாக ஓட்டுகிறவர் அனுமதியை எழுதிக்கொள்ளட்டும். "ஹோல்ட் ஷார்ட்" (ஓடுபாதைக்கு முன்னால் நில்) என்று வந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளட்டும்.

டெனெரிஃபில் கேஎல்எம் புறப்பட ஆரம்பித்ததும், "பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ" என்ற பொருளில் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். போய்விட்டது என்று உறுதியாகப் பதில் சொன்னார் கேப்டன். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து எழும் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது டவர்தான்.

கிளம்பும் முன் என்ன தயாரிப்பு?

விமான நிலைய வரைபடத்தை விரித்து, நீங்கள் போகப்போகும் வழியை விரலால் தொட்டுப் பாருங்கள். எத்தனை ஓடுபாதைகளை நெருங்குவீர்கள், எங்கே கடப்பீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பலர் தவறிய இடங்களை "ஹாட் ஸ்பாட்" என்று வட்டமிட்டிருப்பார்கள். அங்கே என்ன குழப்பம் என்பதும் எழுதியிருக்கும். நோட்டாம் (பைலட்டுகளுக்கான அறிவிப்பு) பாருங்கள், எந்த டாக்ஸிவே மூடியிருக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று. ஹனேடாவில் அன்று ஸ்டாப் பார் விளக்குகள் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமாக வரும் அனுமதியை எதிர்பார்த்துத் தயாராவது நல்லது, ஆனால் அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. 2023 ஜனவரி 13 இரவு நியூயார்க் கென்னடி நிலையத்தில், லண்டனுக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 777, கடக்கச் சொல்லியிருந்த ஓடுபாதையை விட்டு 4எல் ஓடுபாதையை அனுமதியில்லாமல் கடந்தது. அப்போது 4எல்லில் டெல்டாவின் 737 ஒன்று புறப்பட வேகமெடுத்துக்கொண்டிருந்தது. டவர் சத்தம் போட்டு நிறுத்தியதால் தப்பியது. 777 காக்பிட்டில் கவனம் பல வேலைகளில் சிதறியிருந்தது; எந்த ஓடுபாதையிலிருந்து புறப்படுகிறோம் என்பதிலேயே குழப்பம் இருந்தது. வந்த அனுமதி நீங்கள் நினைத்ததிலிருந்து மாறுபட்டால், பிரேக்கைப் போட்டு வரைபடத்தைத் திரும்ப எடுங்கள்.

டாக்ஸி செய்துகொண்டே செக்லிஸ்ட் படிக்கலாமா?

தனியாக ஓட்டுகிறவர் செய்யவே கூடாது, நின்றபிறகு படியுங்கள். இருவர் இருந்தால் ஒருவர் படிக்கலாம், ஆனால் ஓடுபாதையை நெருங்கும்போதும் கடக்கும்போதும் இருவர் கண்ணும் வெளியே இருக்க வேண்டும். அமெரிக்காவில் விமான நிறுவனங்களுக்கு உள்ள "ஸ்டெரைல் காக்பிட்" விதி டாக்ஸியையும் சேர்த்துத்தான்: வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. 2006 ஆகஸ்ட் 27 விடியற்காலை, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் கோமேர் விமானத்தின் பைலட்டுகள் டாக்ஸி செய்யும்போது இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 22க்குப் பதில் 26 என்ற குட்டி ஓடுபாதையில் ஏறிப் புறப்பட்டார்கள். 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். மோதல் இல்லை, வேறு விமானமும் இல்லை. தன் இடம் தெரியாமல் போனதுதான் இங்கேயும் காரணம்.

வழி தவறிவிட்டது போல இருக்கிறது. என்ன செய்வது?

நில்லுங்கள். ஓடுபாதைக்கு மேல் மட்டும் நிற்காதீர்கள். பிறகு கிரவுண்டிடம் (தரையில் நகரும் விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டாளர்), வழி சரியாகத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். "புரோகிரஸிவ் டாக்ஸி" கேட்டால் ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லி அழைத்துப்போவார்கள். சிகாகோ ஓ'ஹேர் மாதிரி இடங்களில் புதிதாகப் போகிறவர் முதலிலேயே கேட்டுவிடலாம், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. பின்னால் பத்து விமானம் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

கோட்டுக்கு வந்தாயிற்று, அனுமதியும் வந்தாயிற்று. அப்புறம்?

அனுமதி இருந்தாலும் இரண்டு பக்கமும் பாருங்கள், இறங்கு திசையில் வானத்தையும் சேர்த்து. பலகையில் உள்ள எண் அனுமதியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா? ஓடுபாதையில் ஏறியபிறகு திசைகாட்டி காட்டும் டிகிரி அந்த எண்ணின் பத்து மடங்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா? ஓடுபாதைக்குள் நுழையும்போது, கடப்பதற்காக என்றாலும், ஸ்ட்ரோப் விளக்கை (பளிச்சென்று மின்னும் விளக்கு) போடுவது வழக்கம். புறப்படும் அனுமதி வந்தபிறகு லேண்டிங் லைட். இறங்கி வருகிறவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

"லைன் அப் அண்ட் வெயிட்" என்றால் ஓடுபாதையில் ஏறி நேராக நில்லுங்கள், புறப்படாதீர்கள் என்று பொருள். அமெரிக்காவில் 2010 செப்டம்பர் வரை இதையே "பொசிஷன் அண்ட் ஹோல்ட்" என்றார்கள். அங்கே நிற்கும்போது ரேடியோவைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதே ஓடுபாதைக்கு வேறொருவருக்கு இறங்க அனுமதி கொடுப்பது காதில் விழலாம். ரொம்ப நேரமாக எந்தச் சத்தமும் இல்லை என்றால், இன்னும் ஓடுபாதையில்தான் நிற்கிறோம் என்று நீங்களே நினைவூட்டுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் மறக்கப்பட்டது இப்படி நின்ற விமானம்தான்.

"டேக்ஆஃப்" என்ற சொல்லைப் புறப்பட அனுமதிக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டும் பயன்படுத்துவது டெனெரிஃபுக்குப் பிறகு வந்த ஒழுங்கு. மற்ற நேரங்களில் "டிபார்ச்சர்" என்பார்கள். நீங்களும் அப்படியே பேசுங்கள்.

இறங்கியபிறகு ஆபத்து முடிந்துவிடுமா?

இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இணையான ஓடுபாதைகள் இருந்தால், வெளி ஓடுபாதையில் இறங்கி வேகமாக வெளியேறுகிற விமானம் உடனே உள் ஓடுபாதையின் கோட்டுக்கு வந்துவிடும். அந்தச் சில விநாடிகளில் அலைவரிசை மாற்றுவது, ஃபிளாப்ஸ் ஏற்றுவது என்று தலை குனிந்துவிட்டால் போச்சு. லாஸ் ஏஞ்சலஸில் இதற்காகவே தெற்கு ஓடுபாதை ஒன்றை 55 அடி நகர்த்திக் கட்டி, நடுவில் ஒரு டாக்ஸிவே போட்டார்கள். எல்லா ஊராலும் அந்தச் செலவைச் செய்ய முடியாது. ஆகவே கோட்டை முழுதாகத் தாண்டி, வால் உட்பட, நின்றபிறகு மற்ற வேலைகளைப் பாருங்கள். வால் ஓடுபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் இன்னும் வெளியே வரவில்லை.

சென்னை மாதிரி ஓடுபாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்?

மீனம்பாக்கத்தில் 07/25, 12/30 என்ற இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு ஓடுபாதையில் இருந்துகொண்டே இன்னொன்றுக்குள் நுழைந்துவிடலாம். வரைபடத்தில் அந்த வெட்டுமிடத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நவீனக் கருவிகள் இதைத் தடுத்துவிடாதா?

நிறைய உதவுகின்றன. டேப்லெட்டில் உங்கள் விமானம் நகர்வதைக் காட்டும் வரைபடம், ஓடுபாதையை நெருங்கும்போது குரல் கொடுக்கும் கருவி, தரை ராடார், அமெரிக்காவின் சில பெரிய நிலையங்களில் ஆள் உதவியின்றித் தானே சிவப்பாக எரியும் ஓடுபாதை விளக்குகள் என்று பட்டியல் நீளும். கென்னடியில் டவரை உஷார்ப்படுத்தியதில் கருவிக்குப் பங்கு உண்டு. ஆனால் ஹனேடாவிலும் ஓடுபாதையில் விமானம் நிற்பதைத் திரை காட்டியது, கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. டேப்லெட் வரைபடத்தில் எனக்குள்ள குறை வேறு: அதைப் பார்க்கும் நேரத்தில் கண் வெளியே இருப்பதில்லை.

டவர் இல்லாத நிலையத்தில்?

அனுமதி கொடுக்க யாரும் இல்லை என்பதால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. பொது அலைவரிசையில் எங்கே இருக்கிறீர்கள், எந்த ஓடுபாதையைக் கடக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, நின்று, பார்த்துக் கடக்க வேண்டும். ரேடியோவே இல்லாத சிறு விமானங்களும் அங்கே வரும். காதில் எதுவும் விழவில்லை என்பதால் யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தவறி நுழைந்துவிட்டேன். இப்போது?

உடனே டவரிடம் சொல்லுங்கள்: கால்சைன், எந்த ஓடுபாதை, எந்த இடம். அதிலிருந்து வரும் சொல்லைக் கேட்டு நடங்கள். இருந்த இடத்திலேயே திரும்பப் பார்க்காதீர்கள், அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். டவர் இல்லாத இடமென்றால் சீக்கிரம் வெளியேறுங்கள்.

பிறகு பயிற்றுநரிடமும் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்காவில் டவர் ஒரு தொலைபேசி எண் கொடுத்து அழைக்கச் சொல்லலாம். அங்கே நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டமும் இருக்கிறது. வேண்டுமென்றே செய்யாத தவறு என்றால், 10 நாட்களுக்குள் அதில் அறிக்கை அனுப்பியவருக்கு, சில நிபந்தனைகளோடு, எஃப்ஏஏவின் தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்கும். பெயரை நீக்கிவிட்டுத்தான் தகவலைப் பயன்படுத்துவார்கள்.